வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவக் காணொளிப் பாடங்கள்: பின்னால் இருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்துக் குடும்பங்களும் சபைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். சிலர் பாடம் வாங்கும் முன் அதைச் செய்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். சிலர் தங்கள் சபையிலேயே தயாரிக்க நினைக்கிறார்கள். இருவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வகுப்பறையில் பிள்ளை கை தூக்கினால் டீச்சர் பார்த்துவிடுவார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கை தூக்கினால் பார்க்க ஆள் கிடையாது. அந்தக் கை எங்கே எழும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைக்கத்தான் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள்.

திரையில் ஒரு டீச்சர்தானே தெரிகிறார், பின்னால் எத்தனை பேர்?

குறைந்தது 5 பேர்: பாடம் எழுதுபவர், பாடப்பொருளைச் சரிபார்ப்பவர், வேதப்பகுதியைச் சரிபார்ப்பவர், கேமராவும் மைக்கும் பார்ப்பவர், எடிட் செய்பவர். டீச்சரைச் சேர்த்தால் 6. வீட்டுக் கையேடு எழுத ஒருவரும் பெற்றோரின் போனை எடுக்க ஒருவரும் இருந்தால் வேலை சிக்கலில்லாமல் ஓடும்.

ஆள் குறைவென்றால் ஒருவரே இரண்டு பொறுப்பைப் பார்க்கலாம். டீச்சரே எழுதலாம், கேமரா பார்ப்பவரே எடிட் செய்யலாம். எழுதியவரே சரிபார்ப்பது மட்டும் கூடாது. எழுதியவருக்குத் தாளில் இருப்பது தெரியாது, தான் நினைத்ததுதான் தெரியும். 'ஆறு' என்று எண்ணை நினைத்து எழுதியிருப்பார், பிள்ளைக்கு நதி நினைவு வரும். வேறொருவர் படித்தால்தான் அது அகப்படும்.

பலர் விட்டுவிடும் ஒரு பொறுப்பு உண்டு. ஷூட் நடக்கும்போது ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி டிக் அடிப்பவர். டீச்சர் ஒரு வரியைத் தாண்டிப்போனால் கேமரா பார்ப்பவருக்குத் தெரியாது, அவர் கவனம் படத்தில் இருக்கும். எடிட்டிங்கில்தான் ஓட்டை தெரியும். அதற்குள் வெளிச்சமும் மாறியிருக்கும், டீச்சரின் புடவையும் மாறியிருக்கும்.

இதில் எது கடினமான வேலை?

எழுதுவது. கேமராவுக்கு ஆள் எளிதில் கிடைப்பார்கள், கல்யாண வீடியோ எடுப்பவரே போதும். பிள்ளை எங்கே முழிக்கும் என்று தெரிந்து எழுதுபவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

தமிழில் பாடம் நடத்தும் வேகம் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல். அப்படியென்றால் 12 நிமிடப் பாடத்துக்கு 1,000 சொல் என்று கணக்குப் போடுவார்கள். அது தவறு. பிள்ளை யோசிக்கவும் நோட்டில் எழுதவும் நேரம் விட்டால் பேச்சுக்கு 8, 9 நிமிடந்தான் மிஞ்சும், ஆகவே 750 முதல் 800 சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. 6 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு மொத்தப் பாடமே 6 முதல் 8 நிமிடத்துக்குள் முடியட்டும். 9 முதல் 12 வயதுக்கு 12 நிமிடம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 20 நிமிடம் வரை தாங்கும்.

ஸ்கிரிப்ட் தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பத்தியில் டீச்சர் சொல்வது, நடுவில் திரையில் தெரிவது, வலது பத்தியில் அந்த நேரத்தில் பிள்ளை செய்வது. வலது பத்தி இரண்டு நிமிடத்துக்கு மேல் காலியாக இருந்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். பிள்ளை அங்கே வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேதாகமத்தில் வரும் பழைய சொற்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அகராதிப் பொருளைச் சொல்வதைவிடப் பொருளையே காட்டுவது நல்லது. இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை.

மலைப்பிரசங்கத்தில் விளக்கை மரக்காலால் மூடிவைப்பதைப் பற்றி வருகிறது. இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு மரக்கால் என்றால் மரத்தால் செய்த கால். தானியம் அளக்கும் பாத்திரம் என்று டீச்சர் வாயால் சொன்னாலும் மனதில் ஒட்டாது. காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் இரும்பு மரக்கால் கிடைக்கும். அதை மேசைமேல் வைத்து, முதலில் அரிசியை நிரப்பித் தலைதட்டி அளந்து காட்டுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஓர் அகல்விளக்கை ஏற்றுங்கள். சுவரெல்லாம் வெளிச்சம். மரக்காலைக் கவிழ்த்தவுடன் திரை கறுத்துவிடும். 3 வினாடி கறுப்பாகவே இருக்கட்டும், யாரும் பேச வேண்டாம். வசனம் சொல்லவந்தது அந்த 3 வினாடியில் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மூடியபடியே வைத்திருந்தால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து சுடர் அணைந்துவிடும், அறிவியலுக்கு அதுவே இன்னொரு பாடம். மரக்காலின் அடிப்பாகம் சுடும். இந்த இடத்தில்தான் சரிபார்ப்பவர் தேவை. திரையில் பார்த்ததைப் பிள்ளை அன்று மாலையே செய்துபார்க்கும். மரத்தாலான மரக்காலோ பிளாஸ்டிக் டப்பாவோ கையில் கிடைத்தால் ஆபத்து. 'அம்மாவையோ அப்பத்தாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்' என்பதை டீச்சர் வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். காட்சி தொடங்குவதற்கு முன்னாலேயே காட்ட வேண்டும், முடிந்தபிறகு காட்டிப் பயனில்லை.

எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவது? சபைக்குச் சபை சொல் மாறுகிறதே.

முதல் ஸ்கிரிப்ட் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம் வழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் 1995இல் வந்த திருவிவிலியம். ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்க நூல். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். தேவன் அங்கே கடவுள். கர்த்தர் அங்கே ஆண்டவர். நூல்களின் எண்ணிக்கையும் வேறு: 66, 73.

எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரே பாடத்தில் இரண்டையும் கலப்பதுதான் பெரிய தவறு. பிள்ளை அம்மாவின் வேதாகமத்தைத் திறந்து வசனம் தேடும்போது சொல் பொருந்தாவிட்டால் குழம்பிப்போகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அட்டையிலேயே அதைப் போடுங்கள். இரண்டு தரப்புக்கும் செய்வதானால் குரலை இரண்டு முறை பதிவு செய்து, படத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு டீச்சரின் முகம் தெரியாத பொருட்காட்சியாக வேதப்பகுதி முழுவதையும் எடுத்திருக்க வேண்டும். இதை ஷூட்டுக்கு முன்பே திட்டமிட்டால்தான் முடியும்.

இயேசுவின் முகத்தை வரைந்து காட்டுவதிலும் வீட்டுக்கு வீடு கருத்து வேறு. கைகள், பாதங்கள், முதுகுப்புறம், சுற்றி நிற்பவர்களின் முகங்கள் ஆகியவற்றை வைத்தே கதையை நகர்த்தலாம். ஓவியருக்கு இது கூடுதல் வேலைதான். ஆனாலும் எந்த வீட்டிலும் பாடத்தை நிறுத்த வேண்டி வராது.

வசனங்களை நீளமாக அச்சிட்டோ திரையில் காட்டியோ விற்பதானால், மொழிபெயர்ப்பை வெளியிட்ட நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

போதகரோ பங்குத்தந்தையோ எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும்?

இரண்டு முறை. ஸ்கிரிப்டாக இருக்கும்போது ஒருமுறை, முதல் எடிட் முடிந்ததும் ஒருமுறை. முடிந்த வீடியோவை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்டால், தவறு தெரிந்தாலும் மனமிரங்கி விட்டுவிடுவார்கள், 'இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்களே' என்று. தாளில் இருக்கும்போது யாருக்கும் தயக்கம் இருக்காது.

வெள்ளி முதல் ஞாயிறு வரை அவர்களுக்கு நேரமே இருக்காது. திங்களன்று கொடுத்து வியாழனன்று வாங்குங்கள். தவக்காலத்திலும் டிசம்பரிலும் அனுப்பாதீர்கள். ஒரு தடவைக்கு 5 ஸ்கிரிப்டுக்கு மேல் வேண்டாம். 20 பாடத்தை மொத்தமாகக் கொடுத்தால் முதல் நான்கில் சிவப்பு மை இருக்கும், மீதியில் கையெழுத்து மட்டும் இருக்கும்.

அறிவியலில் பரிணாமம் வருகிறதே, அதை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. தமிழ்நாட்டு 10ஆம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஓர் அலகு. தனித்தேர்வராகப் போகிற பிள்ளைக்கு அங்கிருந்து கேள்வி வரும். பாடநூல் சொல்வதை முழுமையாக, கேலி கலக்காமல் கற்றுக்கொடுங்கள். படைப்பைப் பற்றி உங்கள் சபை நம்புவதைத் தனிப் பாடமாக, தனித் தலைப்பில் வையுங்கள். எதை எப்போது காட்டுவது என்று பெற்றோர் முடிவு செய்யலாம். இரண்டையும் ஒரே வீடியோவில் பிணைத்தால் எது விடைத்தாளில் எழுத வேண்டியது என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கேமரா முன் நிற்க யாரைத் தேர்ந்தெடுப்பது?

நன்றாகப் பிரசங்கிப்பவரைவிட, ஞாயிறு பள்ளியில் பத்துப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கதை சொல்பவர் பொருத்தமானவர். மேடைக்குரல் கூட்டத்துக்குப் பேசும், கேமராவுக்கு அது ஒத்துவராது. வீட்டில் பார்ப்பது ஒரே ஒரு பிள்ளை. 'பிள்ளைகளே' என்று அழைப்பதைவிட 'நீ' என்று ஒருமையில் பேசினால் நெருக்கம் வரும்.

தேர்ந்தெடுக்கும்போது 3 நிமிடப் பாடம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள், கைபேசியே போதும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு லென்ஸைப் பார்த்தபடி 5 வினாடி பேசாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் இரண்டாவது வினாடியிலேயே விடையைச் சொல்லிவிடுவார்கள். நிற்கத் தெரிந்தவரை விடாதீர்கள்.

உடை விஷயத்தில் இந்த ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை திரையில் அழகாகத்தான் இருக்கும், கட்டம் பெரிதாக இருந்தால். நெருக்கமான சின்னக் கட்டமும் மெல்லிய கோடு போட்ட சட்டையும் கேமராவில் அலையலையாக நெளியும். பிள்ளையின் கண் பாடத்தை விட்டு அந்த நெளிவுக்குப் போய்விடும். ஷூட்டுக்கு முந்தின நாளே சேலையைக் கேமரா முன் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் ஷூட் செய்யலாமா? பின்னணி அழகாக இருக்குமே.

படத்துக்கு அழகு, ஒலிக்குச் சோதனை. முட்டை வெள்ளை கலந்து பளிங்குபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான கூரை என எதுவும் ஒலியை உறிஞ்சாது. பட்டாலை என்கிற கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள், ஓசை சுற்றிச் சுற்றி வந்துதான் அடங்கும். டீச்சரின் குரலும் அப்படித்தான் ஆகும். 'பள்ளி', 'பல்லி' என்ற வேறுபாடெல்லாம் அந்த எதிரொலியில் கரைந்துபோகும். தமிழ் உச்சரிப்புப் பாடத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. எடிட்டிங்கில் எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கும் சின்ன அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தரையில் இரண்டு ஜமக்காளம் விரியுங்கள். 4 அல்லது 5 பஞ்சு மெத்தையோ கனத்த ரஜாய்ப் போர்வையோ வேண்டும். முதல் மெத்தை கேமராவுக்குப் பின்னால், டீச்சரின் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், குரல் போய் மோதுவது அங்கேதான். பலர் டீச்சருக்குப் பின்னால் துணியைத் தொங்கவிட்டு ஏமாந்துபோகிறார்கள். அடுத்த இரண்டு மெத்தை பக்கவாட்டில், மிஞ்சியது மூலைகளில். காலர் மைக் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும். தாலிச் செயினோ சிலுவை டாலரோ மைக்கில் உரசினால் அந்த டேக் வீண், டேப் ஒட்டி நகர்த்திவிடுங்கள். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். தொடங்கும் முன் யாரும் பேசாமல் 30 வினாடி வெற்று அறையின் ஒலியைப் பதிவு செய்துவையுங்கள். எடிட்டர் வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரை வைகாசியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு வியர்வை ஆற்றிக்கொள்ளுங்கள். நல்ல நேரம் காலை 6.30 முதல் 10 வரை. ஐப்பசி கார்த்திகை மழையில் வளவுக்குள் கொட்டும் சத்தத்தை எந்த மெத்தையும் தடுக்காது. அந்த மாதங்களை எழுதுவதற்கும் எடிட்டிங்குக்கும் ஒதுக்குங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் செய்தித்தாளில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசுவதில் கவனம் வேண்டும். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது, உரிமையுள்ளவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கிறிஸ்தவப் பாடம் எடுக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலைவாசலில் கஜலட்சுமி செதுக்கியிருக்கும், முன்னோருக்குப் படைப்பு நடக்கும் அறையும் இருக்கும். அவற்றைத் துணி போட்டு மறைப்பது அந்தக் குடும்பத்தைப் புண்படுத்தும். வேறு சுவரைப் பார்த்துக் கேமராவைத் திருப்புவதுதான் மரியாதை.

கேமராவில் என்ன அமைப்பு?

வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் 1. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைபேசி தானாகவே 30 பிரேமில் எடுக்கும், எல்இடி விளக்கடியில் திரையில் பட்டை பட்டையாக ஓடும். வளவு வெளிச்சத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் கலக்க வேண்டாம், முகம் ஒருபக்கம் நீலம், ஒருபக்கம் மஞ்சள் ஆகிவிடும். வரிகள் ஓடும் பிராம்ப்டரை 6 முதல் 8 அடி தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்கினால் டீச்சரின் கண் வரிசையாக ஓடுவது தெரியும்.

எடிட்டர் எங்கே தவறுவார்?

இரண்டு இடங்களில். முதலாவது, இடைவெளிகள். யூடியூப் பழக்கத்தில் அவர் மௌனத்தையெல்லாம் வெட்டித் தள்ளுவார். பாட வீடியோவில் மௌனம்தான் பிள்ளையின் முறை. கேள்விக்குப்பின் 5 வினாடி, கணக்குக்கு 20 முதல் 30 வினாடி, நோட்டில் எழுதுவதற்குத் திரையில் 'நிறுத்து' அடையாளம். ஸ்கிரிப்டின் வலது பத்தி எடிட்டர் மேசையிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டாலும் சில மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொடு' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் அமைப்புகளுக்குள் கிராபிக்ஸ் பகுதியில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசியா, மத்தியக் கிழக்கு என்று மாற்றினால் சரியாகும். எழுத்துக் கற்கும் பிள்ளைக்குக் காட்டுவது இது. ஒவ்வொரு எழுத்துத் திரையையும் தமிழ் நன்றாக அறிந்த ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகே வெளியே விடுங்கள்.

வரைபடம் காட்டினால் இந்தியாவின் எல்லை சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்டபடி இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்திலிருந்து எடுத்த படத்தில் காஷ்மீர் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

12 நிமிடப் பாடத்துக்கு எழுத 7 மணி, இரண்டு சரிபார்ப்புக்கும் சேர்த்து 3 மணி, ஷூட்டில் எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் 4 மணி, எடிட்டிங் 8 மணி, கையேடு 3 மணி. மொத்தம் 25 ஆள்மணி. வாரம் 4 பாடம், 30 வாரம் என்று ஒரு வருடப் படிப்பு எடுத்தால் 120 பாடம், 3,000 ஆள்மணி. சம்பளமில்லாமல் வாரம் 15 மணி நேரம் கொடுக்க 5 பேர் இருந்தாலும் 40 வாரம் பிடிக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ஜூன் மாதம் விற்பனைக்கு அறிவித்துவிட்டால், 30 பாடத்தோடு நின்றுவிடும். நம்பிப் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்திய குடும்பம் நடுவழியில் நிற்கும். குறைந்தது 60 பாடம் கையில் தயாராக இருக்கும்போதுதான் முதல் பாடத்தைக் கொடுக்க வேண்டும்.

கிராமத்தில் சிக்னல் இல்லை. எப்படிக் கொடுப்பது?

பென்டிரைவில். படத்தைச் சிறிதாக்கி 480பி அளவில், ஒலியையும் சேர்த்து வினாடிக்கு 660 கிலோபிட் அளவில் வைத்தால் 10 நிமிடம் 50 எம்பிக்குள் அடங்கும். எச்.264 வடிவில் கொடுங்கள், பழைய டிவிகள் எச்.265ஐத் திறக்காது. பென்டிரைவை ஃபேட்32 ஆக வடிவமைத்தால் பெரும்பாலான டிவிகள் படிக்கும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. கோப்புப் பெயரை 001, 002 என்று எண்ணில் தொடங்குங்கள். தமிழ்ப் பெயரைச் சில டிவிகள் கட்டம் கட்டமாகக் காட்டும்.

மூலப்பதிவுகளை மூன்று பிரதியாக, இரண்டு ஹார்டு டிஸ்கிலும் வேறு ஊரில் உள்ள ஒரு வீட்டிலுமாக வையுங்கள். வினாடிக்கு 50 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு 22.5 ஜிபி பிடிக்கும்.

வீடியோவில் சபைப் பிள்ளைகளை நடிக்கவைக்கலாமா?

விற்பனைக்கான வீடியோவில் 14 வயது நிரம்பாத பிள்ளை பங்கெடுத்தால் குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகள் பொருந்தும். படம் எடுக்கும் மாவட்டத்தின் நிர்வாகத்திடம் தயாரிப்பாளர் முன் அனுமதி பெற வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை என்றால் சிவகங்கை. இராயவரம், கோனாபட்டு என்றால் புதுக்கோட்டை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது. 5 பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சேரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரிலேயே வங்கியில் வைப்பாகப் போட வேண்டும்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளையின் முழுப்பெயர், தெரு, படிக்கும் இடம் எதுவும் வீடியோவில் வரக்கூடாது. பெற்றோரில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான பாடங்களுக்குப் பிள்ளையின் கை மட்டும் போதும். எழுதும் கை, அடுக்கும் கை, அளக்கும் கை.

பாட்டு போடுவதில் என்ன சிக்கல்?

வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழித்து உரிமை முடிகிறது, ஆகவே அவர் வரிகளை யாரும் பாடலாம். ஆனால் அந்தக் கீர்த்தனையை அண்மையில் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதை எடுத்துப் போடாதீர்கள். சபைப் பாடகர் குழுவை வைத்து நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சுருதிப்பெட்டியும் நல்ல குரலும் போதும், பாடத்துக்கு நடுவே கீபோர்டு இரைச்சல் தேவையில்லை.

அமெரிக்காவில் எல்லாம் தயாராக இருக்கிறதே, தமிழில் டப் செய்தால் போதாதா?

அங்கே இந்தத் துறை பழையது. புளோரிடாவின் பென்சகோலாவில் 1972இல் தொடங்கிய அபெக்கா போன்றவை நிஜ வகுப்பறையையே படம் பிடித்துப் பாடமாக்கியவை. அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு, உரிமை வாங்கி ஆங்கிலப் பாடத்துக்குப் பயன்படுத்தவும் செய்யலாம். ஆனால் டப் செய்தால் தமிழ் வாக்கியம் நீண்டு இடைவெளிகளை விழுங்கிவிடும். கணக்கில் டாலரும் காலனும் வரும். வரலாற்றுப் பாடம் அவர்கள் நாட்டுடையது.

நம் பிள்ளைக்குக் கணக்கு காலடியிலேயே இருக்கிறது. 8 அங்குல ஆத்தங்குடிக் கல், 10 அடிக்கு 12 அடி அறை. ஒரு வரிசைக்கு 15 கல், 18 வரிசை, 270 கல். பூவின் கால்பங்கு மட்டும் உள்ள நான்கு கல்லைத் திருப்பித் திருப்பிச் சேர்த்து வைத்தால் முழுப் பூ, அது சுழல் சமச்சீர். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றும் கையை அருகிலிருந்து ஒரு நிமிடம் காட்டினால், அச்சின் அடிப்பக்கம் கல்லின் எந்தப் பக்கம் ஆகிறது என்று பிள்ளை தானே கேட்கும். கண்ணாடியைத் தொட்டுக் கிடந்த பக்கம்தான் நாம் மிதிக்கும் வழுவழுப்பான மேற்பக்கம்.

இந்தப் பாடம் படித்தால் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை, வீட்டுக்கல்வி என்ற பெயரையும் சொல்லவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் 10ஆம் வகுப்புக்குச் சமமான தேர்வுக்குப் பதியலாம், குறைந்தது 5 பாடம். பாடம் தயாரிப்பவர்கள் அந்தப் பாடத்திட்டத்தையோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையோ முன்னால் வைத்து, எந்தப் பாடம் எந்த அலகுக்கு என்று அட்டவணை கொடுத்திருக்க வேண்டும். வாங்கும் முன் அந்த அட்டவணையைக் கேளுங்கள்.

வீட்டுக் கையேடு அவசியமா?

வீடியோவைவிட அவசியம். பல வீடுகளில் அம்மா வேலைக்குப் போயிருப்பார், பிள்ளையோடு உட்காருவது அப்பத்தாதான். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம்: முன்கூட்டி எடுத்துவைக்க வேண்டிய சாமான், வீடியோவை நிறுத்த வேண்டிய நிமிடம், பிள்ளை சொல்ல வேண்டிய விடை, தவறாகச் சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நான்காவதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை. 'தப்பு' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெரியவரை அது டீச்சராக்கிவிடும்.

வீடியோவில் புரியாததைப் பிள்ளை யாரிடம் கேட்கும்?

கையேட்டின் பின்னட்டையில் ஒரு போன் எண்ணும் நேரமும் இருக்க வேண்டும். மாலை 4 முதல் 6 வரை என்றால் அந்த நேரத்தில் கட்டாயம் எடுக்க வேண்டும். எடுப்பவர் பிள்ளையோடு பெரியவரும் லைனில் இருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பெயரையும் எண்ணையும் பெற்றோர் சம்மதமில்லாமல் குறித்துவைக்கக் கூடாது.

கேள்வியைப் பாட எண், நிமிடம், பிள்ளை சொன்ன சொல் என மூன்று விவரத்தோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும். பிள்ளை சொன்ன சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதுவது முக்கியம். ஒரே இடத்தில் ஒரு வீட்டிலிருந்து கேள்வி வந்தால் போனிலேயே விளக்கிவிடலாம். இரண்டு வீட்டிலிருந்து வந்தால் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மூன்றாவது வீட்டிலிருந்தும் வந்தால் அந்தப் பகுதியைத் திரும்ப எழுதி, அதே சேலையோடும் அதே வெளிச்சத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஷூட்டின் முடிவிலும் டீச்சரின் உடை, விளக்கு நின்ற இடம், கேமரா உயரம் எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து, பாட எண் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.